இயற்கையின் வரலாறா, தோட்டத்தின் வரலாறா?
உலகப் பல் மருத்துவத்துக்குப் பாடமாகிய மலையகத் தொழிலாளர்

உலகின் எந்த நாட்டிலேனும் பல் மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் முரசு நோய்கள் பற்றிய பாடநூலைத் திறப்பாராயின், அதன் ஆரம்ப அத்தியாயங்களிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சந்திக்க நேரிடும். முரசு நோய் சிகிச்சையின்றி விடப்படுமாயின் அது எவ்வாறு வளரும், எவரை விரைவாகத் தாக்கும், எவரை விட்டுவைக்கும் என்ற வினாக்களுக்கு மருத்துவ உலகம் இன்றளவும் எடுத்துக்காட்டும் முதன்மையான சான்று, மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாய்களிலிருந்தே பெறப்பட்டது. ஒஸ்லோவிலும் பேர்னிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நன்கு அறியப்பட்ட இவ்விடயம், நமது நாட்டில் பல் வைத்தியத்துறையினரைத் தவிர்ந்த ஏனையோரிடையே பேசப்படுவதில்லை. லயன் அறைகளில் வாழ்வோரிடையே பேசப்படுவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆண்டுதோறும் மார்ச் 20 ஆம் திகதி உலக வாய்ச் சுகாதார தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. பாடசாலைகளில் பதாகைகள் தொங்கவிடப்படும். சிறுவர்களுக்குப் பற்தூரிகைகள் வழங்கப்படும். புகைப்படங்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைக்கப்படும். எமது ஆசிரியபீடத்துக்கும் அவை வந்து சேர்வதுண்டு. பல் துலக்குதல் என்பது தனிமனிதப் பழக்கம், அதனைச் சரிவரச் செய்யாதவன் அதன் பலனை அனுபவிக்கின்றான் என்ற எண்ணமே இந்நிகழ்வுகளின் அடியில் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை உரசிப் பார்ப்பதற்கு மலையகத்தின் அந்த ஆய்வைவிடச் சிறந்த உரைகல் கிடையாது.

ஆய்வின் பின்னணியை முதலில் நோக்குவோம். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பணியாற்றிய காலத்தில், 1965 ஆம் ஆண்டு எளிமையான ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். ஆரோக்கியமான முரசுகளைக் கொண்ட பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்துமாறு கேட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாட்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் அனைவரது முரசுகளும் அழற்சியடைந்தன. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிலேயே பழைய நிலைமைக்குத் திரும்பின. பல்லின் மீது படியும் கிருமிப் படலமே முரசு அழற்சியின் காரணம் என்பது இதன்மூலம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அதுவரை உயிர்ச்சத்துக் குறைபாடு, முதுமை எனப் பலவாறாகப் பேசப்பட்டுவந்த ஒரு விடயம், மூன்று வார காலப் பரிசோதனையால் தெளிவு பெற்றது.

எனினும் அடுத்த வினா எஞ்சியிருந்தது. முரசில் ஏற்படும் அழற்சி, காலப்போக்கில் பல்லைத் தாங்கும் எலும்பையும் இழையங்களையும் அரித்து, ஈற்றில் பல்லையே விழச் செய்யும் நோயாக எல்லோரிடமும் மாறுமா, அல்லது சிலரிடம் மட்டுமா? இதனை மூன்று வாரங்களில் அறிய முடியாது. பத்து, பதினைந்து ஆண்டுகளாவது அவதானிக்க வேண்டும். ஐரோப்பிய மாணவர்களிடம் பதினைந்து ஆண்டுகளுக்குப் பல் துலக்காதிருங்கள் என்று கேட்க எவருக்கும் மனம் வராது. கேட்டாலும் எவரும் உடன்படார். ஆகவே பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் சென்றடையாத மக்கள் கூட்டமொன்று தேவைப்பட்டது. அந்த மக்கள் மத்திய மலைநாட்டில் இருந்தனர்.

1970 ஆம் ஆண்டு, பூண்டுலோயாப் பிரதேசத்தின் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களின் வயது 14 முதல் 31 வரை. 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் பரிசோதனைகள் தொடர்ந்தன. இதற்குச் சமாந்தரமாக ஒஸ்லோவில் 565 ஆண்கள் 1969 முதல் ஆராயப்பட்டனர். அவர்கள் மாணவர்களும் கல்விமான்களும் ஆவர். பாடசாலைப் பற்சுகாதார சேவை பல தசாப்தங்களாகச் செவ்வனே இயங்கிவந்த ஒரு நகரத்தின் பிள்ளைகள். ஒரு பக்கத்தில் உலகின் மிகச்சிறந்த பற்பராமரிப்பு; மறுபக்கத்தில் எதுவுமே இல்லை. ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இரு துருவங்கள் கிடைத்திருக்க மாட்டா.

1978 இல் வெளியான முடிவுகளின்படி, ஒஸ்லோவினர் நாற்பது வயதை அணுகியபோது பல்லைத் தாங்கும் இழையங்களில் சராசரியாக 1.5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான இழப்பையே அடைந்திருந்தனர். தோட்டத் தொழிலாளரிடம் அதே வயதில் அது 4.5 மில்லிமீற்றராக இருந்தது. ஏறத்தாழ மும்மடங்கு. இதில் வியப்பில்லை, எவரும் எதிர்பார்க்கக்கூடியதே. உண்மையான வியப்பு 1986 இல் வந்தது.

அவ்வாண்டு வெளியான ஆய்வுக்கட்டுரை, தொழிலாளரை மூன்று பிரிவினராக வகுத்துக் காட்டியது. அனைவரின் பற்களிலும் கிருமிப் படலமும் காறையும் ஒரே அளவில் மண்டிக்கிடந்தன. அனைவரின் முரசுகளும் அழற்சியுற்றிருந்தன. அவ்வாறிருந்தும், சுமார் 8 வீதத்தினரிடம் நோய் அதிவேகமாகப் பரவியது. 81 வீதத்தினரிடம் அது மிதமான வேகத்தில் சென்றது. எஞ்சிய 11 வீதத்தினரிடம் அழற்சிக்கு அப்பால் ஓர் அடியேனும் நகரவில்லை. முதற்பிரிவினர் இருபது வயதளவிலேயே பற்களை இழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்து வயதில் 12 பற்களும் நாற்பதில் 20 பற்களும் போய்விட்டன. நாற்பத்தைந்தில் வாயில் ஒரு பல்லும் இல்லை. இரண்டாம் பிரிவினர் முப்பது வயதின் பின்னரே பற்களை இழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்தில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மூன்றாம் பிரிவினர் ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை. பற்சூத்தை இம்மக்களிடம் அனேகமாக இருக்கவேயில்லை என்பதால், பற்கள் விழுந்தமைக்கு முரசு நோயே காரணம் என்று ஆய்வாளர்களால் உறுதியாகக் கூற முடிந்தது.

மருத்துவ விஞ்ஞானத்தில் இம்முடிவு ஏற்படுத்திய மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. கிருமிப் படலம் இன்றேல் நோய் இல்லை என்பது உண்மை. ஆனால் கிருமிப் படலம் உள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் நோய் வருவதில்லை என்பதும் உண்மை. உடலின் எதிர்ப்புத் தன்மை, பரம்பரை, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியன நோயின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்ற இன்றைய விளக்கத்துக்கு வழிசமைத்த ஆய்வுகளுள் இது முன்வரிசையில் நிற்கின்றது. 2017 இல் சர்வதேச மாநாடொன்றில் உருவாகி 2018 இல் வெளியான முரசு நோய்களின் புதிய வகைப்பாடு, நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதோடு அது செல்லும் வேகத்தையும் மந்தம், மிதம், துரிதம் என மூன்றாகத் தரப்படுத்துமாறு பல் வைத்தியர்களைக் கோருகின்றது. தோட்டத்து ஆய்வின் மூன்று பிரிவுகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இரண்டுக்குமிடையிலான உறவு புலப்படாமற் போகாது. ஹரால்ட் லோ 1983 இல் அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளரானார். நீரிழிவு நோயின் ஆறாவது சிக்கல் முரசு நோயே என்று 1993 இல் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தவரும் அவரே. 2008 இல் காலமானார்.

இக்கதை அத்துடன் முடியவில்லை. 2010 ஆம் ஆண்டு, முதற் பரிசோதனைக்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர், சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோப் ராம்சையர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அத்தொழிலாளரைத் தேடி வந்தனர். 480 பேரில் 75 பேரை மாத்திரமே கண்டு பரிசோதிக்க முடிந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தனர். ஒரு பல்லையும் இழக்காதவர் தொடங்கி 28 பற்களை இழந்தவர் வரை அவர்களுள் இருந்தனர். முப்பது வயதில் இழைய இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருப்பவர், அறுபது வயதில் குறைந்தது இருபது பற்களுடன் வாழும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கணித்தனர். 2017 இல் இது வெளியாயிற்று. இன்று எங்கோ ஒரு நாட்டில் முப்பது வயதுடைய ஒருவரின் எதிர்காலத்தைப் பல் வைத்தியர் ஒருவர் கணிக்கும்போது, அக்கணிப்பின் அடியில் பூண்டுலோயாவின் முதியவர்கள் இருக்கின்றனர்.

விஞ்ஞானத்தின் பார்வையில் இது பெருமைக்குரிய கதையே. ஆயின், பத்திரிகையாளனின் பார்வையில் வேறு சில வினாக்கள் எழுகின்றன.

1986 ஆம் ஆண்டின் கட்டுரைத் தலைப்பு, மனிதரில் முரசு நோயின் இயற்கை வரலாறு என்று தொடங்குகின்றது. மருத்துவத்தில் இது வழக்கமான தொடர். சிகிச்சை எதுவும் குறுக்கிடாதபோது நோய் தன் போக்கில் செல்வதை அவ்வாறு கூறுவர். கலைப்பீடத்தில் வரலாறு படித்த எம்மைப் போன்றோருக்கோ அத்தொடர் நெருடவே செய்யும். 1970 இல் ஒரு மனிதனின் வாயை எந்தப் பல் வைத்தியரும் பார்த்திராமை இயற்கையின் செயலா? அந்தத் தொழிலாளர்கள் பற்தூரிகையை அறிந்திருக்கவில்லை என்று ஆய்வு கூறுகின்றது. பல் நோய்களைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் எந்தத் திட்டமும் அவர்களைச் சென்றடைந்திருக்கவில்லை என்றும் கூறுகின்றது. ஆய்வாளர்களுக்கு இவை ஆய்வுக்கு உகந்த நிபந்தனைகள். ஆனால் அந்த நிபந்தனைகள் எவ்வாறு உருவாயின என்பதற்கு விடை, பல் மருத்துவ நூல்களில் அன்றி, இலங்கையின் சட்டப் புத்தகங்களிலேயே கிடைக்கும்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே இரவில் நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றவனுக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவனின் வாயைப் பற்றி எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் கவலையில்லை. 1950 களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களைப் பயிற்றும் நிலையம் தோன்றியது. ஆசியாவில் முன்மாதிரி எனப் போற்றத்தக்க சேவை அது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அன்று தேசிய பாடசாலை முறைமைக்கு வெளியே, தோட்ட நிர்வாகங்களின் கையில் கிடந்தன. பேராதனையில் நாட்டின் பல் வைத்தியர்கள் உருவாக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். அங்கிருந்து பூண்டுலோயாவுக்குச் சில மணித்தியாலப் பயணமே. அந்தத் தூரத்தைப் பல் வைத்தியம் கடக்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து வந்த ஆய்வு கடந்தது.

ஆய்வு நடைபெற்ற பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தோட்டங்களுக்கு வெளியே நடந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தங்கள், தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் கடும் உணவுப் பஞ்சம்; தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியோரின் கண்ணீர். 1977 இலும் 1981 இலும் 1983 இலும் வன்செயல்கள். 480 பேருடன் தொடங்கிய ஆய்வில் 1985 ஆம் ஆண்டு 161 பேரே எஞ்சியிருந்தனர். புள்ளிவிபரவியலில் இத்தகைய குறைவு ஒரு தொழில்நுட்பச் சிக்கல். அதனை ஈடுசெய்யும் கணித முறைகள் உண்டு. மலையகத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கோ, அந்த ஆண்டுகளில் பெயர்ப் பட்டியலிலிருந்து மறைந்த பெயர்கள் வேறு பல பட்டியல்களை நினைவூட்டும்.

இங்கு ஒரு விடயத்தில் நிதானம் வேண்டும். இத்தகைய ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை நடைபெற்ற டஸ்கிகி ஆய்வைச் சிலர் உடனே உதாரணம் காட்டுவர். மேகநோய் கண்டிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்றே கூறாமல், பெனிசிலின் கிடைத்த பின்னரும் அதனை வழங்காமல், அவர்களை ஏமாற்றி அவதானித்த கொடுமை அது. தோட்டத்து ஆய்வை அதனோடு சமப்படுத்துவது நியாயமாகாது. இருந்த சிகிச்சையை இங்கு எவரும் வஞ்சகமாக மறைக்கவில்லை. சிகிச்சை என்பதே அங்கு இருக்கவில்லை. அந்த இன்மையை உருவாக்கியவர்கள் நோர்வேஜியர்கள் அல்லர். தோட்டக் கம்பனிகளும், அவற்றிடமிருந்து தோட்டங்களைப் பொறுப்பேற்ற அரசுமே.

ஆனாலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உலக வைத்திய சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 இல் வெளியானது. 2000 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டபோது, எந்த மக்களிடையே ஆய்வு நடத்தப்படுகின்றதோ அந்த மக்கள் அதன் முடிவுகளால் நன்மையடைவதற்கு நியாயமான சாத்தியம் இருந்தாலன்றி ஆய்வு நியாயப்படுத்தத்தக்கதன்று என்ற கருத்து அதில் இடம்பெற்றது. இந்த அளவுகோலை 1970 க்குப் பின்னோக்கிப் பொருத்துவது முறையன்று எனச் சிலர் வாதிடலாம். ஏற்றுக்கொள்வோம். ஆனால் 2000 க்குப் பின்னர்? ஆய்வின் பயன் உலகெங்கும் பரவிய வேகத்தில் ஒரு பங்கேனும் அது பெறப்பட்ட இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டுமல்லவா? திருப்பும் கடமை அந்நிய ஆய்வாளரைவிட நமது சுகாதார அமைச்சுக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குமே அதிகம் உண்டு.

ஆய்வின் இன்னொரு குறையையும் இங்கே சுட்டியாக வேண்டும். பரிசோதிக்கப்பட்ட அனைவரும் ஆண்கள். ஒஸ்லோவின் ஆண்களோடு ஒப்பிடுவதற்கு ஆண்களே தேவை என்பது ஆய்வு முறையின் தர்க்கம். ஆனால் தேயிலைத் தோட்டம் என்பது பெண்களின் உழைப்பில் நிற்பது. கொழுந்து பறிப்பவள் அவள். அதிகாலை அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடுபவள் அவள். கர்ப்ப காலத்தில் முரசு அழற்சி தீவிரமடையும் என்பது மருத்துவம் நன்கறிந்த விடயம். இரத்தசோகையும் மந்தபோசணையும் மிகுந்த ஒரு சமூகத்தில், அடுத்தடுத்த பிரசவங்களுக்கு ஊடாகப் பெண்ணின் பற்கள் எவ்வாறு கழிந்தன என்பதற்கு அந்த உலகப் புகழ்பெற்ற பதிவில் ஒரு வரியும் இல்லை.

பற்சூத்தை அறவே இல்லாதிருந்த அந்த 1970 ஆம் ஆண்டின் நிலைமை இன்று மாறிவிட்டது. அன்று சீனி கூப்பன் அட்டையில் அளந்து கொடுக்கப்பட்ட பொருள். இன்று தோட்டத்துக் கடையில் சிறு பைக்கற்றுகளில் தொங்குகின்ற இனிப்புப் பண்டங்களும், பாடசாலை வாசலில் விற்கப்படும் நிறமூட்டிய பானங்களும் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. பற்தூரிகையும் பற்பசையும் வந்துவிட்டன என்பது உண்மைதான். முரசு நோய்க்கு அவை ஓரளவு தடையாகலாம். ஆனால் தந்தையின் பல் காறையில் போயிற்று, பிள்ளையின் பல் சூத்தையில் போகின்றது என்ற நிலை முன்னேற்றம் எனக் கொள்ளத்தக்கதா? இனிப்புப் பானங்களிலுள்ள சீனியின் அளவுக்கேற்ப 2017 இல் அரசாங்கம் வரி விதித்தபோது எழுந்த எதிர்ப்பையும், அடுத்த ஆண்டிலேயே அவ்வரி தளர்த்தப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடத்தில் இருப்பது இதுவே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற நான்கின் கூட்டே இதன் பிரதான காரணம். புகையிலை சேர்த்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1980 களிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. புகையிலை இல்லாவிடினும், பாக்கு தனித்தேகூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2003 இல் முடிவு செய்தது. நமது வீடுகளில் இன்றும் பலர், புகையிலையைத் தவிர்த்தால் போதும், வெற்றிலை பாக்கு நல்லதே என்று நம்புகின்றனர். திருமண வீட்டுத் தாம்பாளத்தில் இருக்கும் பொருளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எவருக்கும் மனம் வருவதில்லை.

மலைச்சரிவில் பனியிலும் மழையிலும் நின்று கொழுந்து பறிப்பவளுக்கு வெற்றிலை ஓர் ஆடம்பரமன்று. அது உடலுக்குச் சூட்டைத் தருகின்றது. பசியை மறக்கச் செய்கின்றது. வேலையின் சலிப்பைத் தணிக்கின்றது. இதனை உணராமல், வெற்றிலை போடாதீர்கள் என்று நகரத்திலிருந்து சென்று ஒலிபெருக்கியில் சொல்வதால் பயனில்லை. புகையிலை சேர்ந்த மெல்லும் உற்பத்திகளின் விற்பனை 2016 இல் வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. அத்தடை பைக்கற்றில் அடைத்து விற்கப்படுவதை ஓரளவு கட்டுப்படுத்தலாம். மடியில் முடிந்து வைத்திருக்கும் புகையிலைத் துண்டை வர்த்தமானியால் எட்ட முடியாது.

ஆயினும் வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு விசேட தன்மை உண்டு. அது பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை. வெண்ணிறத் திட்டாகவோ, செந்நிறப் படையாகவோ, வாயைத் திறக்க இயலாத இறுக்கமாகவோ முன்னறிவித்தல் கொடுத்தே வருகின்றது. எக்ஸ்ரே இயந்திரம் வேண்டாம். ஒரு டோர்ச் விளக்கும் பயிற்றப்பட்ட கண்களும் போதும். 1980 களின் முற்பகுதியில் கண்டிப் பிரதேசத்தில் சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை நிரூபித்துக் காட்டினர். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, பல்லாயிரம் பேரின் வாய்களை அவர்களைக் கொண்டே பரிசோதிக்கச் செய்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984 இல் வெளியான அந்த ஆய்வு, பிற நாடுகளிலும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அதில் ஒரு துயரமான அம்சமும் இருந்தது. மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் கணிசமானோர் வைத்தியசாலைக்குச் செல்லவேயில்லை.

ஏன் செல்லவில்லை என்பது தோட்டத்தில் ஒருநாள் தங்கியவருக்கும் விளங்கும். ஆதார வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதாயின் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வரிசையில் நின்று திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் விழாது. 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்துக்காகத் தொழிற்சங்கங்கள் எத்தனை ஆண்டுகள் போராடின என்பதை நாமறிவோம். இலவச சிகிச்சை என்று நாம் பெருமையுடன் கூறும் ஒன்றுக்கு, தொழிலாளி ஒரு நாட்சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் விலையாகக் கொடுக்கின்றார். வலிக்காத ஒரு வெண்திட்டுக்காக அந்த விலையைக் கொடுக்க அவர் தயங்குவாராயின், அதனை அறியாமை என்று கூறிவிட முடியாது. அது கணக்கு. பல்வலிக்கும் அதே கணக்குத்தான். தாங்கமுடியாத வலி வரும்வரை காத்திருந்து, பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒரே பயணத்தோடு முடிந்துவிடும். நிரப்பிக் காப்பாற்றுவதாயின் இரண்டு மூன்று முறை செல்ல வேண்டும்.

2021 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை வாய்ச் சுகாதாரம் பற்றிய தீர்மானமொன்றை நிறைவேற்றியது. அதனை முன்மொழிந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அடுத்த ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, வாய்நோய்களால் உலகில் சுமார் 350 கோடிப் பேர் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், அவர்களுள் நான்கில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வதாகவும் கூறியது. 2023 முதல் 2030 வரைக்குமான செயற்றிட்டமும் உள்ளது. ஜெனீவாவில் தீர்மானத்தை முன்மொழிந்த நாடு, அதன் முதல் அமுலாக்கத்தை நுவரெலியா மாவட்டத்தில் காட்டியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! 2022 இன் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டுவோர் உளர். அந்த நெருக்கடியில் மருந்துகளும் பல் சிகிச்சைக்கான மூலப்பொருட்களும் தட்டுப்பாடானமை உண்மையே. ஆனால் நாம் கோருவதில் பெரும்பகுதி செலவு மிகுந்ததன்று.

தோட்டங்களில் ஏற்கெனவே குடும்ப நல மருத்துவ மாதர் இருக்கின்றனர். தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கின்றார். பிள்ளைக் காம்பரா இருக்கின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாளாந்தம் எல்லோரும் ஒன்றுகூடுகின்றனர். அந்த இடத்துக்கே சென்று, மாதத்தில் ஒருமுறை, டோர்ச் விளக்குடன் வாயைப் பார்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 1984 இன் ஆய்வு அதற்கான வழியை எழுதியே வைத்திருக்கின்றது. சந்தேகத்துக்குரியவரை வைத்தியசாலைக்கு அனுப்பும் நாளில் அவருக்குப் பேர் போடுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் இணங்க வேண்டும். கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை என்று மேசையைச் சுற்றி அமர்ந்து ரூபாய்க் கணக்குப் பேசும் தொழிற்சங்கத் தலைமைகள், இப்படியான ஒரு கோரிக்கையை முன்வைத்ததாக எமக்கு ஞாபகமில்லை. கம்பனிகளுக்கு அதனால் பெரும் நட்டம் ஏற்பட்டுவிடாது.

தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகள் 1983/84, 1994/95, 2002/03, 2015/16 ஆகிய காலப்பகுதிகளில் நடத்தப்பட்டன. அடுத்த ஆய்வில் பெருந்தோட்டத்துறைப் பெண்களைத் தனியாக, போதிய எண்ணிக்கையில், வயது வாரியாகப் பரிசோதிக்குமாறு பேராதனைப் பல் மருத்துவ பீடம் வலியுறுத்தலாம். 1970 இல் விடுபட்ட பாதியை அவ்வாறேனும் நிரப்பலாம். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனை என்ற விபரத்தை மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களம் வெளியிட்டால், மலையகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைக்கும். தமிழில் பேசக்கூடிய பற்சிகிச்சையாளர்கள் அந்நிலையங்களுக்குத் தேவை என்பதையும் அப்போது சேர்த்துக் கூறுவார்களாக. வலிக்கும் இடத்தைத் தன் மொழியில் சொல்ல முடியாத பிள்ளை, வாயைத் திறக்கவும் மறுக்கும்.

மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றது, உரைகள் நிகழ்ந்தன. 1970 இல் வாயைத் திறந்து காட்டிய அந்த 480 இளைஞர்களுள் இன்றும் உயிருடன் இருப்போர் எழுபது வயதை எட்டியவர்கள். அவர்களுள் எத்தனை பேருக்குச் செயற்கைப் பற்தொகுதி கிடைத்திருக்கின்றது என்பதைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஒரு வாரத்தில் விசாரித்து அறியலாம். பெயர்ப் பட்டியல் எங்கும் தொலைந்துபோய்விடவில்லை. 2010 இல் அதனை வைத்துக்கொண்டுதான் பேர்னிலிருந்து வந்தவர்கள் 75 பேரைத் தேடிக் கண்டுபிடித்தனர்.